படத்துக்குள் கடை போர்டு வேண்டாம்: நலச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

வடசென்னையின் ராயபுரம், காசிமேடு, பழைய வண்ணாரப்பேட்டைக் குடியிருப்போர் நலச் சங்க நிர்வாகிகளுக்கு வணக்கம்.

மாலைப் படிப்பகத்தின் வாடகைக்கும் பெஞ்சுக்கும் பணம் திரட்ட, நம் பகுதியை வரைபடமாக வரைந்து, துண்டுகளைச் சேர்த்துப் படமாக்கும் ஜிக்சா புதிராக விற்கலாம் என்று பேசி முடித்திருக்கிறீர்கள். நல்ல யோசனை. ரசீதுப் புத்தகத்தோடு வீடு வீடாக ஏறி இறங்குவதைவிட, ஒரு பொருளைக் கையில் கொடுத்துப் பணம் வாங்குவது எவ்வளவோ மேல். ஆனால் பணம் கட்டும் கடைகளைப் படத்தில் பெரிதாக வரைந்து, கட்டாதவர்களை விட்டுவிடலாம் என்றும் ஒரு பேச்சு ஓடுகிறது. அதைத் தயவுசெய்து கைவிடுங்கள்.

எம்.சி. ரோட்டில் துணிக்கடைக்குப் பஞ்சமா? காசு கொடுத்தவர்களையெல்லாம் வரைந்தால் கிடைப்பது தீபாவளி நோட்டீஸ்தான். நோட்டீஸை 500 துண்டாக்கிக் கொடுத்தால் யார் ராத்திரி உட்கார்ந்து சேர்ப்பார்கள்? இந்தப் பெட்டியை வாங்கப்போகிறவர், கல்யாணமாகித் தாம்பரம் பக்கம் போன நம் தெருப் பெண்ணாக இருக்கலாம், துபாயில் வேலை பார்க்கும் பையனாக இருக்கலாம். அவர்கள் தேடுவது தங்கள் சந்தையை, தங்கள் தெருமுனைக் குழாயடியை. கடைக்காரர்களின் ஆதரவு வேண்டாம் என்று சொல்லவில்லை. பெட்டியின் பின்பக்கமும் நான்கு ஓரங்களும் காலியாகத்தானே கிடக்கின்றன? அங்கே எல்லார் பெயரையும் ஒரே அளவு எழுத்தில் போடுங்கள்.

ஜிக்சாவே வரைபடத்தில் பிறந்ததுதான். 1760-களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்ற வரைபடச் செதுக்குநர், வரைபடத்தைப் பலகையில் ஒட்டி, நாட்டு எல்லைகளை ஒட்டி அறுத்து, பிள்ளைகளுக்குப் பூகோளம் கற்பிக்க விற்றார். அதற்குச் சில ஆண்டுகளில் கிழக்கிந்தியக் கும்பினிக்காரர்கள் இங்கே நகரத்துக்கு மதில் எழுப்பினார்கள். அதன் மிச்சம் மாடிப் பூங்காவாக இன்னும் நிற்கிறது. அதை வரையாமல் விட்டால் நம்மை மன்னிக்க முடியாது.

வேறு என்னென்ன வரையலாம்? ராயபுரம் ரயில் நிலையம் இருந்தே ஆக வேண்டும்; தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் அங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பியது. ராயப்பர் கோயில், ஸ்டான்லி ஆஸ்பத்திரி, கல்மண்டபம், ஜி.ஏ. ரோடு. ராபின்சன் பூங்காவில் 1949-ல் திமுகவின் தொடக்கக் கூட்டம் நடந்ததையும் போடலாம். போட்டால் மற்றக் கட்சிக்காரர்களும் கொடி கேட்டு வருவார்கள் என்பது தெரியும்; மேடையும் மைக்கும் மட்டும் வரைந்து தப்பித்துக்கொள்ளலாம். வண்ணாரப்பேட்டையில் ஒரு கேரம் போர்டு அவசியம். 2024 கேரம் உலகக் கோப்பையில் 3 தங்கம் வென்ற காசிமா நம் ஊர்ப் பிள்ளை.

சிக்கல் கடலில்தான். படத்தின் கிழக்குப் பக்கம் முழுக்க வெறும் நீலமாக விட்டால், சேர்ப்பவர் பாதியிலேயே பெட்டியை மூடிவிடுவார். கடல் என்ன வெறுமையாகவா இருக்கிறது? விசைப்படகுகள், ஃபைபர் போட்டுகள், துறைமுகக் கிரேன்கள், ஐஸ் பெட்டி தூக்குபவர்கள், ஏலம் கூவும் அக்காக்கள் என்று துண்டுக்குத் துண்டு ஏதாவது இருக்கட்டும். எண்ணூர் விரைவுச் சாலையில் நிற்கும் கன்டெய்னர் லாரி வரிசையையும் வரையச் சொல்லுங்கள். அழகாக இருக்காது என்று யாரோ சொன்னார்களாம். தினமும் அதில் மாட்டிக்கொள்கிறவர்கள் அதைப் பார்த்ததும் சிரித்துவிட்டு வாங்குவார்கள். பக்கிங்காம் கால்வாயை மட்டும் பளபள நீலத்தில் தீட்ட வேண்டாம், சரியா?

வேலை விஷயத்துக்கு வருகிறேன். 1000 துண்டு வேண்டாம். நம் வீடுகளில் ராத்திரி படுக்கவும் அதே தரைதான். 500 துண்டுப் புதிர் கேரம் போர்டின் மேலேயே அடங்கிவிடும். ஆட வருகிறவர்கள் சண்டை போட்டால் அதை நீங்கள் தீர்த்துக்கொள்ளுங்கள். செலவு கூடுவது டையில், அதாவது அட்டையைத் துண்டாக வெட்டும் அச்சில். கல்யாணப் பத்திரிகைக்கு டை கட்டிங் செய்யும் பாரிமுனைக்காரர்களிடம் கேளுங்கள், ஆனால் கெட்டி அட்டையைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டும் பிரஸ் எல்லாரிடமும் இருக்காது. ஏற்கெனவே ஜிக்சா டை வைத்திருப்பவர் கிடைத்தால் பெரிய மிச்சம். ஒரே டையில் வெட்டுவதால், பத்துப் பெட்டியைத் தனியே எடுத்துவைத்தால் ஒரு துண்டைத் தொலைத்தவருக்கு அதே துண்டைக் கொடுக்கலாம். முன்பணம் வாங்கி, வந்த ஆர்டரைப் பார்த்து அச்சடிப்பதுதான் நமக்குக் கட்டுப்படியாகும்.

14 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்கான பொம்மைகளுக்கு 2021 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். நம் புதிர் யாருக்கு என்று பெட்டியில் என்ன போடுவது, அதற்கு என்ன விதி என்பதை அச்சுக்கு முன்பே விசாரித்துவிடுங்கள். தெருக்களின் அமைப்புக்குக் கூகுள் வரைபடத்தை அப்படியே நகலெடுத்து விற்கக் கூடாது. யாரும் பயன்படுத்தக்கூடிய திறந்த வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை எடுக்கலாம், அதன் பெயரையும் உரிமத்தையும் பெட்டியில் குறிப்பிட வேண்டும்.

ஆகஸ்ட் 22 சென்னை தினத்துக்குள் பெட்டி கையில் இருந்தால் விற்பனை சூடு பிடிக்கும். அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வரைவுப் படத்தைப் பெரிய சார்ட்டில் ஒட்டி கல்மண்டபம் பக்கம் வையுங்கள், பக்கத்தில் ஒரு ஸ்கெட்ச் பேனாவும் இருக்கட்டும். விட்டுப்போனதை மக்களே எழுதட்டும். அந்தச் சார்ட்டைப் பார்த்த பிறகுதான் ஓவியருக்கு மீதிப் பணம்.

இப்படிக்கு,
படிப்பகத்தில் மாலை வகுப்பெடுக்கும் ஒருவர்
பழைய வண்ணாரப்பேட்டை