ஹெல்சிங்கியிலிருந்து சண்முகத்துக்கு

அன்புள்ள சண்முகம்,

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாகத் தங்கச்சி போனில் சொன்னாள். சொட்டு மருந்தை மறக்காதே. இந்தக் கடிதத்தையும் யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேள்.

இங்கே மகள் வீட்டில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. பேரனைப் பள்ளியில் விட்டதும் ஹியட்டனியெமி கல்லறைத் தோட்டம் வரை நடப்பேன். போரில் செத்தவர்களின் கற்கள் தரையோடு தரையாக வரிசையில் கிடக்கின்றன. பனி விழுந்தால் பெயரே தெரியாது. நேற்று ஒரு பாட்டி கையுறையைக் கழற்றிவிட்டு, வெறும் விரலால் ஒரு கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தார். 1920 – 1940 என்று இருந்தது. இருபது வயதுப் பையன்.

1939 நவம்பர் 30-இல் சோவியத் படை பின்லாந்து எல்லை தாண்டி வந்ததே, அந்தக் குளிர்காலப் போர். 105 நாள். பக்கத்து நாடான ஸ்வீடன் அரசு, போரில் இறங்க மாட்டேன் என்றுவிட்டது. ஆனால் அங்கே சுவரெல்லாம் 'பின்லாந்தின் பிரச்சினை நம் பிரச்சினை' என்று சுவரொட்டி. எட்டாயிரத்துக்கு மேல் ஆட்கள் தாங்களாகவே கிளம்பி வந்தார்கள். அவர்களுடைய தளபதி எர்ன்ஸ்ட் லிண்டருக்கு எழுபத்தொரு வயது, நம் வயதுதான்! 1924 ஒலிம்பிக்கில் குதிரையேற்றத்தில் தங்கம் வாங்கிய மனுஷன். எனக்கு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது.

பயிற்சி முடிந்து வடக்கே சல்லா போர்முனையை அவர்கள் ஏற்றுக்கொண்டபோது பிப்ரவரி கடைசி. ஓரிரு நாளிலேயே, மார்ச் 1-ஆம் தேதி, டிர்சென் என்ற அதிகாரி செத்துப்போனார். மார்ச் 13-இல் போரே முடிந்துவிட்டது. அதற்குள் அவர்களில் முப்பது பேருக்கு மேல் செத்திருந்தார்கள்; பனியில் கைகால் விறைத்துப் போனவர்கள் அதைவிட அதிகம். தாமதமாக வந்தார்கள் என்று சொல்லிவிடலாம். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. அவர்கள் வடக்கைப் பிடித்துக்கொண்டதால்தான், அங்கே களைத்துக் கிடந்த பின்லாந்துப் படைகளைத் தெற்கே கரேலியாவுக்கு அனுப்ப முடிந்தது. அப்படியும் வீபுரி நகரம் கைவிட்டுப் போனது, நாலு லட்சம் பேர் வீடுவாசலை விட்டு வந்தார்கள். அது வேறு கதை.

1971 டிசம்பரில் நாம் பட்டாளத்து ஆளெடுப்புக்கென்று திருச்சிக்குச் சைக்கிள் மிதித்தோமே, நினைவிருக்கிறதா? வழியில் டீக்கடை ரேடியோவில் பாகிஸ்தானோடு போர் முடிந்தது என்றான். நீ அழுதாய், நான் பார்த்தேன். இவ்வளவு நாள் உன்னிடம் சொல்லவில்லை. எனக்கு உள்ளுக்குள் அப்பாடா என்றுதான் இருந்தது.

சித்திரையில் ஊருக்கு வருகிறேன். அந்தச் சைக்கிளை விற்றுவிடவில்லையே?

உன்,
ராஜு