தகரப் பெட்டிகளைத் திறந்தவர்களுக்கு

கிருஷ்ணகிரி பழையபேட்டைப் பக்கத்து உறவுகளுக்கும், வெளியூரில் இருந்துகொண்டு உதவிய நண்பர்களுக்கும் வணக்கம்.

நம்ம பள்ளிக்கூடத்தையும் அதைச் சுற்றியிருக்கும் தெருக்களையும் பற்றிய தொகுப்பு ஒருவழியாக முடிந்துவிட்டது. ஒரு படி பள்ளியிலேயே இருக்கிறது, யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். அதன் முதல் பக்கத்தில் "உதவிய அனைவருக்கும் நன்றி" என்று ஒரு வரி போட்டேன். போட்டபோதே அது நியாயமாகப் படவில்லை. கல்யாணப் பத்திரிகையில் 'தங்கள் நல்வரவை நாடும்' என்று அச்சடிக்கிற மாதிரி இருந்தது. அதனால்தான் இந்த மடல். பெயர் போட வேண்டாம் என்று நிறையப் பேர் கேட்டுக்கொண்டார்கள், ஆகவே எவர் பெயரும் இதில் இல்லை. படித்தால் அவரவருக்குத் தெரியும். தெருவுக்கும் தெரியும்.

கிருஷ்ணகிரியைப் பற்றி அச்சில் இருப்பதற்குக் குறைவில்லை. 1768-இல் கம்பெனிப் படை கோட்டையை வளைத்துக்கொண்டது, 1791 நவம்பரில் மலைமேல் ஏறப் பார்த்துத் தோற்றுத் திரும்பியது, மறு வருடம் ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையில் நம்ம பக்கத்துச் சீமையான பாராமகால் முழுவதும் திப்புவின் கையை விட்டுப் போனது, கலெக்டராக அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாக தாமஸ் மன்றோவும் வந்து நிலத்தை அளந்து வரி போட்டது எல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. 1883-இல் லெ ஃபானு எழுதிய சேலம் மாவட்டக் கையேடு, 1918-இல் ரிச்சர்ட்ஸ் எழுதிய கெசட்டியர் இரண்டையும் புரட்டினால் கோட்டைக்கும் மலைக்கும் பக்கம் பக்கமாக இடம் உண்டு. அந்த மலையின் கீழே யார் வீடு கட்டினார்கள், யார் வண்டி ஓட்டினார்கள், பிள்ளைகள் எங்கே படித்தார்கள் என்று கேட்டால் அவை வாய் திறப்பதில்லை. அதற்கு வீடுகளில் இருக்கும் தகரப் பெட்டிகள்தான் வழி என்று எனக்குச் சொன்னவர் பத்திர எழுத்தர் அண்ணன். முதல் நன்றி அவருக்கே.

அவர் சொன்ன உத்தி எளிமையானது. பள்ளிக்கூடத்தின் பத்திரத்தைத் தேடாதே, பக்கத்து வீடுகளின் மூலப் பத்திரத்தைத் தேடு என்றார். ஒவ்வொரு பத்திரத்திலும் செக்குபந்தி இருக்கும். இன்னார் வீட்டுக்கு மேற்கு, வீதிக்கு வடக்கு, இன்ன மண்டிக்குக் கிழக்கு, இதன் மத்தியில் இருக்கும் மனை என்று நான்கு பக்கமும் எழுதியிருப்பார்கள். விற்பவரும் வாங்குபவரும் தங்கள் மனைக்காக எழுதிக்கொண்டது, ஆனால் அதில் அக்கம்பக்கம் முழுவதும் சாட்சியாக வந்து நிற்கிறது. நான்கைந்து வீட்டுப் பத்திரங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் நடுவில் இருக்கும் பள்ளிக்கூடத்தின் உருவம் தானாகத் தெரிய ஆரம்பித்துவிடும். பழைய பத்திரங்களில் அந்த இடம் 'புளி மண்டி' என்று வருகிறது. அப்புறம் 'பள்ளிக்கூடம் நடக்கும் மண்டி'. அதற்கும் அப்புறம் வெறும் 'பள்ளிக்கூடம்'.

தேதி கிழிந்துபோன தாள்களுக்கும் அவர் வயது சொன்னார். முத்திரைத் தாளில் ராஜா தாடியோடு இருந்தால் பெரும்பாலும் ஐந்தாம் ஜார்ஜ், 1936 வாக்கிலோ அதற்கு முன்னாலோ அச்சானது. தாடி இல்லாவிட்டால் ஆறாம் ஜார்ஜ். வருவாய்க் கணக்கு ஆண்டான பசலியின் எண் மட்டும் இருந்தால் அதோடு 590-ஐக் கூட்டு, அந்த வருடம் ஜூலையில் அந்தப் பசலி பிறந்திருக்கும். பசலி 1350 என்றால் 1940 ஜூலை. ஈஸ்வர வருடம் என்றிருந்தால், காகிதத்தைப் பார்த்து, 1937 சித்திரை முதல் என்று கொள்ளலாம். கையெழுத்து மோசமாக இருந்த இடங்களில் அவர் வாய்விட்டுப் படிக்க, நான் எழுதிக்கொண்டேன். சிட்டை எழுதக் கூலி வாங்குகிற மனிதர், ஒரு பைசா வாங்கவில்லை.

ஈஸ்வர வருடத்தைச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. அதற்கு முந்திய பத்திரங்களில் பள்ளிக்கூடத்துக்குத் தெற்கே 'கள்ளுக்கடை' எல்லையாக வருகிறது. பிறகு வந்தவற்றில் அதே இடம் 'காலி மனை'. ராஜாஜி முதல் மந்திரியானதும் இந்த நாட்டிலேயே முதலாவதாக மதுவிலக்கை அமல்படுத்தியது நம்ம சேலம் ஜில்லாவில்தான், 1937 அக்டோபர் 1-ஆம் தேதி. கிருஷ்ணகிரி அப்போது சேலத்தோடு இருந்தது. பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்தது, பள்ளிக்கூடச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கடை காணாமல் போனதாக நம்ம ஊர்ப் பத்திரத்தில் இருந்ததைப் பார்த்தபோது கொஞ்ச நேரம் வேலை ஓடவில்லை.

பெட்டிகளைத் திறந்த குடும்பங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. பத்திரம் என்பது யாருக்கும் காட்டுகிற பொருள் கிடையாது. அதில் கடன் இருக்கும், பாகப்பிரிவினை இருக்கும், அண்ணன் தம்பி பேசாமல் போன கதை இருக்கும். அப்படியும் எடுத்துக் கொடுத்தீர்கள். மசூதித் தெருவில் எல்லோரும் நானிமா என்று கூப்பிடும் பெரியவர், உருதுவில் இருந்த வாடகைக் கணக்குகளைத் தானே படித்து, பேரனைத் தமிழில் சொல்ல வைத்து, இடையிடையே அவன் உருதுவைத் திருத்தவும் செய்தார். தெலுங்கில் எழுதிய பத்திரங்களை ஓய்வுபெற்ற தெலுங்கு ஆசிரியர் ஒருவர் வீட்டுக்கு எடுத்துப்போய் அழகான கையெழுத்தில் பெயர்த்துக் கொடுத்தார். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் ஒரே தெருவில் புழங்கும் ஊர் இது, ஒரே ஆளால் இந்த வேலை நடந்திருக்காது.

தர மாட்டோம் என்று சொன்ன ஒரு குடும்பமும் உண்டு. பெட்டியைத் திறந்தால் பங்காளிச் சண்டையும் திறக்கும் என்றார் அந்த வீட்டு அம்மா. முகத்துக்கு நேரே சொன்னீர்கள், காபியும் கொடுத்தீர்கள். உங்களுக்கும் என் நன்றி. நீங்கள் செய்தது சரிதான்.

அடுத்து தலைமையாசிரியை. கரையான் தின்றது போக மிச்சமிருந்த சேர்க்கைப் பதிவேடுகளை அவர் வெயிலில் காயவைத்து, பள்ளி நேரம் முடிந்த பிறகு தன் எதிரிலேயே உட்கார்ந்து பார்க்கச் சொன்னார். படம் எடுக்கக் கூடாது என்றார். சாதி எழுதிய கட்டத்தின் மேல் ஓர் அடிக்கோலை வைத்து மறைத்துவிட்டுத்தான் பக்கத்தைத் திருப்பினார். இந்தக் கண்டிப்பை எல்லாப் பதிவறையிலும் பார்க்க ஆசை. அந்தப் பதிவேடுகளின்படி நம்ம பேட்டையில் பாதிப் பேர் ஜூன் மாதத்தில் பிறந்திருக்கிறார்கள்! பள்ளி திறக்கும் நாளில் ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும் என்று வாத்தியார் கணக்குப் போட்டு எழுதிய பிறந்தநாள். இன்றைக்கும் பல தாத்தாக்களின் பென்ஷன் அந்தத் தேதியில்தான் ஓடுகிறது.

பதிவேட்டின் முத்திரைகளும் ஒரு கதை. முதலில் ஜில்லா போர்டு, 1958 பஞ்சாயத்துச் சட்டத்துக்குப் பிறகு பஞ்சாயத்து யூனியன், பின்னாளில் ஊராட்சி ஒன்றியம். 1965 அக்டோபர் 2 வரை சேலம் ஜில்லா, அப்புறம் தர்மபுரி மாவட்டம், 2004 பிப்ரவரி 9 முதல் கிருஷ்ணகிரி மாவட்டம். தெருவை விட்டு அசையாத ஒரு குடும்பத்தில் தாத்தா, அப்பா, பேத்தி மூவரின் சான்றிதழிலும் மூன்று மாவட்டம். காகிதங்களும் அதே மாதிரி மூன்று ஊர்களில் சிதறிக் கிடக்கின்றன. ஓர் அலுவலகத்தில் கேட்டதற்குப் பதில் வரவே இல்லை, அதை விடுவோம்.

வருகைப் பதிவேட்டில் மாசி, பங்குனி மாதங்களில் வரிசை வரிசையாக ஆப்சென்ட். அம்மை போட்டிருக்குமோ என்று பார்த்தேன். புளி மண்டியில் கொட்டை தட்டும் அக்காமார் சிரித்தார்கள். அது புளி உலுக்குகிற காலம், ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை எடுக்க வீட்டில் எல்லாக் கையும் வேண்டும், பிள்ளைகளின் கை முதலில் வேண்டும் என்றார்கள். கொட்டைப்புளிக்கு ஒரு விலை, கொட்டை எடுத்ததற்கு வேறு விலை, எடுத்த கொட்டைக்கும் தனி விலை. அந்தக் கொட்டை மாவாகி நூலுக்குக் கஞ்சி போடப் போகும். வேலை செய்துகொண்டே, எந்த மண்டி எங்கே இருந்தது, யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது என்று அவர்கள் சொன்ன வரிசை பத்திரங்களோடு அப்படியே பொருந்தியது. தொகுப்பில் மண்டிகளின் பகுதி முழுக்க அவர்களுடையது.

இப்போது எல்லோரும் சண்டைக்கு வரும் விஷயத்துக்கு வருகிறேன். பள்ளிக்கூடம் திப்பு சுல்தானின் குதிரை லாயமாக இருந்தது என்றுதான் நாம் எல்லோரும் சொல்லி வளர்ந்தோம். மைதானத்தில் குழி தோண்டினால் லாடம் கிடைக்கும், அதுவே ஆதாரம். பள்ளியின் அலமாரியில் ஒரு டப்பா நிறைய அந்த லாடங்கள் இருந்தன. ராயக்கோட்டை சாலையில் ஒரு காலத்தில் லாடம் அடித்த பெரியவரைத் தேடிப் பிடித்து அழைத்து வந்தது பள்ளியின் பழைய மாணவர் ஒருவர். பெரியவர் டப்பாவைக் கவிழ்த்துக் கையால் அளைந்துவிட்டு, "எல்லாம் மாட்டு லாடம்" என்றார். குதிரைக் குளம்பு ஒன்று, அதன் லாடமும் வளைந்த ஒரே துண்டு. மாட்டுக் குளம்பு பிளந்தது, அதனால் பிறை மாதிரி இரண்டு மெல்லிய தகடுகளாக அடிப்பார்கள். டப்பாவில் இருந்தவை அத்தனையும் பிறைத் தகடுகள். தேய்மானத்தைப் பார்த்து, பாரவண்டி இழுத்த மாடுகள் என்றும் சொன்னார்.

அன்றைக்குச் சிலருக்கு முகம் வாடியதைப் பார்த்தேன். ஆனால் ஓய்வுபெற்ற சர்வேயர் ஐயா பழைய புலப்படத்தை விரித்தபோது கதை இன்னும் பெரிதானது. நாம் பந்து விளையாடிய மைதானம் 'வண்டிப்பேட்டை புறம்போக்கு'. மண்டிக்குப் புளி ஏற்றி வந்த வண்டிகள் அவிழ்த்துப் போட்ட இடம். அங்கேயே மாட்டுக்கு லாடம் கட்டியிருக்கிறார்கள், அதன் ஓரத்தில் காலியான மண்டியில் பள்ளிக்கூடம் ஆரம்பித்திருக்கிறது, வண்டிக்காரர்களின் பிள்ளைகள் அதில் படித்திருக்கிறார்கள். எனக்கு இது திப்புவின் குதிரைகளைவிடப் பிடித்திருக்கிறது. ராஜாவின் லாயம் எந்த ஊரிலும் இருக்கலாம். சர்வேயர் ஐயாவுக்குத் தனியாக ஒரு கும்பிடு: கண் அறுவைசிகிச்சை முடிந்த கையோடு, மருத்துவர் திட்டுவார் என்று சொல்லிக்கொண்டே பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தார்.

பள்ளி மணியாகத் தொங்கும் தண்டவாளத் துண்டைப் பார்க்க ஜோலார்பேட்டையில் பணியாற்றி ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர் ஒருவர் வந்தார். உயரமும் அகலமும் அளந்து, இது இன்றைய பெரிய பாதைக்கு உரியதில்லை, குறுகிய பாதைக்குப் போடும் மெலிந்த ரகம் என்றார். பஞ்சகாலத்தில் தானியம் கொண்டுவர உதவும் என்று போட்ட இரண்டரை அடிப் பாதை ஒன்று 1905-இல் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு வந்தது. இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் அது இல்லாமல் போய்விட்டது. மாவட்டத் தலைநகரான பிறகும் ஊருக்கு ரயில் வரவில்லை என்று நாம் புலம்புகிறோமே, வந்து போன ரயிலின் உறவுக்காரன் காலை ஒன்பதேகாலுக்கு நம் காதில் அடித்துக்கொண்டிருக்கிறான்.

1958-இல் நெ. து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்தபோது தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஒன்றின் நோட்டீசை, ஜாதகக் கட்டுக்குள் பத்திரமாக வைத்திருந்த மளிகைக்கடைக் குடும்பத்துக்கு நன்றி. பெஞ்சு கொடுத்தவர், சுவர்க் கடிகாரம் கொடுத்தவர், மதிய உணவுக்கு அண்டா கொடுத்தவர் என்று அதில் பெயர்கள் நிறைந்திருக்கின்றன. அண்டா இன்னும் இருக்கிறது. கடிகாரம் எங்கே என்று மட்டும் கேட்காதீர்கள்.

அருங்காட்சியகத்திலிருந்து வந்த அன்பருக்கும் நன்றி. வேப்பமரத்தடிக் கல் நடுகல்லாக இருக்கும் என்று ஊரே கூடி நின்றது. அவர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஆட்டுக்கல்லுக்கு வெட்டிப் பாதியில் விட்டது என்று சங்கடத்தோடு சொன்னார். மாவட்டம் முழுக்க நடுகற்கள் இருக்கும்போது நமக்கு மட்டும் ஆட்டுக்கல். பரவாயில்லை. தாள்களை எல்லாம் செல்போனில் படமெடுத்து ஒழுங்குபடுத்திய கல்லூரிப் பிள்ளைகளுக்கும், கிழிசலை ஒட்டிக் கொடுத்த ஜெராக்ஸ் கடைத் தம்பிக்கும் என் அன்பு.

வாங்கிய அசல் பத்திரங்கள் எல்லாம் அந்தந்த வீட்டுக்குத் திரும்பிவிட்டன. குடும்ப விவரம் வரும் பக்கங்களைத் தொகுப்பில் சேர்க்கவில்லை. பிழை இருந்தால் தலைமையாசிரியையிடம் எழுதிக் கொடுங்கள், அடுத்த படியில் திருத்திவிடலாம்.

கடைசியாக லாடக்காரப் பெரியவர் ஒரு நிபந்தனை போட்டார். லாடங்களைக் கண்ணாடிக்குள் வைத்துப் பூட்டாதே, பிள்ளைகள் கையில் எடுத்துப் பார்க்கட்டும் என்றார். அப்படியே திறந்த தட்டில் வைத்திருக்கிறோம். அதில் ஒரு ஜோடி குறைகிறது. எந்த வீட்டு வாசற்படியில் அடித்திருக்கிறார்கள் என்றும் பார்த்துவிட்டேன். தயவுசெய்து கழற்றிக் கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள், யாரும் ஒன்றும் கேட்க மாட்டோம்.

அன்புடன்,
அதே பள்ளியில் ஐந்தாம் வகுப்புவரை படித்த உங்கள் தெருப் பிள்ளை