பட்டாளத்துத் தாத்தாவுக்குப் போர்த்திய சால்வை

எய்யா,

இங்கே எல்லோரும் நலம். சுதந்திர தினத்தன்று நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பட்டாளத்துத் தாத்தாவைக் கொடியேற்ற வைத்துச் சால்வை போர்த்தினோம். நூறைத் தாண்டிய மனுஷர், பிடிக்க வந்த கையை விலக்கிவிட்டுத் தானாகவே சல்யூட் அடித்தார். போட்டோவைப் பார்த்துவிட்டு நீ, "வெள்ளைக்காரப் பட்டாளத்தில் இருந்தவருக்கு இன்றைக்கு எதற்கும்மா மரியாதை?" என்று கேட்டாய். போனில் எனக்குச் சொல்ல வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

இரண்டாம் உலகப்போர்ச் சண்டைக்கு நம் நாட்டிலிருந்து 25 லட்சம் பேர் சேர்ந்தார்கள். கட்டாயம் கிடையாது, வயிற்றுப்பாட்டுக்காகப் போனவர்கள் எத்தனையோ பேர். தாத்தாவும் அப்படித்தான். பாளையங்கோட்டையைத் தாண்டாத பையனுக்கு லாரி ஓட்டப் பழக்கி மணிப்பூருக்கு அனுப்பிவிட்டார்கள். 1944 மார்ச்சில் ஜப்பான் படை பர்மாவின் சின்ட்வின் ஆற்றைக் கடந்து வந்து இம்பாலை வளைத்துக்கொண்டது. ஜூன் 22-ல் கோஹிமா ரோடு திறக்கும்வரை அரிசி, மருந்து, தோட்டா எல்லாம் விமானத்தில்தான் வந்து இறங்கின. விடாத மழை. குண்டடி பட்டவர்களைவிட மலேரியாவில் விழுந்தவர்கள் அதிகம். அதற்குக் கொடுத்த மாத்திரையில் தோலே மஞ்சளாகிவிடுமாம். "மஞ்சள் பூசிக் குளிச்ச பொம்பளைக மாதிரி நின்னோம் தாயி" என்பார்.

எதிர்ப்பக்கம் நேதாஜியின் படை. மலாயாத் தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழர்கள் அதில் நிறையப் பேர். "அங்கயும் நம்ம பிள்ளைகதான" என்று சொல்லிவிட்டு, அதற்குமேல் தாத்தா பேசமாட்டார். அவர்களைத் தியாகி என்கிறோம், சரிதான். அதற்காக இவரைக் கூலிக்குப் போனவர் என்று ஒதுக்குவது என்ன நியாயம்? அந்தச் சம்பளத்தை மணியார்டரில் அனுப்பித்தான் தங்கைகளைக் கரையேற்றினார். சண்டை முடிந்ததும் 1946-ல் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பென்ஷனுக்கு 15 வருஷ சர்வீஸ் வேண்டும், இவருக்கு ஏது? வந்தவர் பேசாமல் பிசான நெல் சாகுபடிக்கு ஏர் பூட்டினார். 1992 வெள்ளத்தில் நம் தெருவுக்குள் ஆற்றுத் தண்ணீர் ஏறியபோது, எழுபதை நெருங்கிய வயதில் கயிறு கட்டி ஆட்களைக் கரைசேர்த்தவரும் இவர்தான். உன் ஆச்சியும் அதில் ஒருத்தி.

சால்வை போர்த்தியதோடு முடிந்தது என்று எனக்குத் தோன்றவில்லை ஐயா. அவர் பேச்சை யாரும் இதுவரை பதிவு செய்யவில்லை. பொங்கலுக்கு வரும்போது ஒரு நாள் முழுக்க அவரோடு உட்கார்ந்து, உன் போனில் எல்லாவற்றையும் எடுத்து வை. காலையில்தான் தெளிவாகப் பேசுவார். இடது காது கேட்காது, வலது பக்கம் உட்கார். சண்டையைப் பற்றி எடுத்ததும் கேட்காதே. முதலில் லாரியைப் பற்றிக் கேள், மற்றதெல்லாம் தானாக வரும்.

அம்மா