கரைல ஒதுங்குற விமானத் துண்டு எதுன்னு எங்களுக்கும் சொல்லிக் குடுங்க அய்யா

விமானப்படை, கடற்படை, கடலோரக் காவல்படை அதிகாரிங்க எல்லாருக்கும் வணக்கம்.

நான் வடசென்னை பக்கம் மீனவக் குப்பத்துக்காரன். 2016 ஜூலை 22 காலைல தாம்பரத்துல கெளம்பி போர்ட் பிளேர் போன விமானப்படையோட ஏஎன்-32 விமானம் 29 பேரோட வங்கக்கடல்ல காணாம போச்சுல்ல, அதுல இருந்து வலையில தகடு எது மாட்டுனாலும் எங்க ஆளுங்க ஒரு நிமிஷம் நின்னு பாப்பாங்க. நீங்களும் கப்பல், விமானம்னு எவ்ளோவோ தேடுனீங்க. ஏழரை வருஷம் கழிச்சு 2024 ஜனவரிலதான், கரைல இருந்து சுமார் 310 கிலோமீட்டர் தள்ளி 3400 மீட்டர் ஆழத்துல அது கெடக்குற படம் வெளிய வந்துச்சு. அந்தப் பக்கம் வேற விமானம் எதுவும் காணாம போனதா பதிவு இல்ல, அதனால இது அதுதான்னு சொன்னீங்க. அந்த குடும்பங்க அத்தன வருஷம் எப்படி இருந்திருப்பாங்கன்னு நெனச்சாலே நெஞ்சு அடைக்குது, கடலுக்குப் போனவன் திரும்பாத வீடு எங்க தெருவுலயும் இருக்கு.

சில வருஷம் முன்னாடி எங்க கரைல கதவு சைசுக்கு ஒரு தகடு ஒதுங்குச்சு, ஒடஞ்ச எடத்துல தேன்கூடு மாதிரி அறை அறையா இருந்துச்சு, ஓரத்துல வரிசையா ரிவிட்டு. பசங்க மேல ஒட்டியிருந்த கொட்டலச (கடல்ல கெடக்குற பொருள் மேல ஒட்டி வளருற ஓட்டுப் பிராணி) சுரண்டிப்போட்டு பழைய இரும்புக் கடைக்கு தூக்கப் பாத்தாங்க, நாங்க தடுத்து தகவல் சொன்னோம், வண்டில வந்து எடுத்துட்டுப் போனாங்க. அது என்னன்னு இன்னிக்கு வரைக்கும் யாரும் சொல்லல.

அந்த கொட்டலசு எவ்ளோ முக்கியம்னு எனக்கே அப்புறம்தான் தெரிஞ்சுது. 2014ல காணாம போன மலேசிய விமானத்தோட றெக்கத் துண்டு 2015ல இந்தியப் பெருங்கடல்ல இருக்குற ரியூனியன் தீவுல ஒதுங்குச்சு, அத, உள்ள இருந்த நம்பர வெச்சுதான் உறுதி பண்ணாங்க, அது எவ்ளோ நாள் எந்த மாதிரி தண்ணில மெதந்துச்சுன்னு பாக்க ஒட்டியிருந்த கொட்டலசயும் ஆராஞ்சாங்க. நாங்க அத கத்தியால சுரண்டுறோம்! 2023ல ஆஸ்திரேலியா கரைல ஒதுங்குன பெரிய உருளை பெரும்பாலும் நம்ம பிஎஸ்எல்வி ராக்கெட்டோடதாதான் இருக்கும்னு சொல்லவே அவங்களுக்கு ரெண்டு வாரம் ஆச்சு, அப்போ நாங்க எப்படி பாத்ததும் கண்டுபிடிப்போம்?

அதனால கேக்குறேன், தமிழ்ல படம் போட்டு ஒரு தாள் குடுங்க. விமானத் தகடு எப்படி இருக்கும், நம்பர் எங்க அடிச்சிருக்கும், ரஷ்ய எழுத்து இருந்தா எப்படி தெரியும், கார்பன் ஃபைபர் ஒடஞ்சிருந்தா வெறுங்கைல தொடக்கூடாது, போர் விமானத்துல பைலட்ட வெளிய தூக்கிப்போடுற சீட்டுல வெடிமருந்து இருக்கும்னு எல்லாம். 'தொடாதீங்க'ன்னு மட்டும் சொல்லிட்டுப் போயிடாதீங்க, தொடாம விட்டா அடுத்த அலை திரும்ப இழுத்துட்டுப் போயிடும், எத மேல ஏத்தலாம் எத அப்படியே விடணும்னு பிரிச்சு சொல்லுங்க. தகவல் சொல்ல கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்பு போலீசுக்கு 1093ன்னு நம்பர் இருக்கு, சொன்னவனுக்கு என்ன ஆச்சுன்னு ஒரு பதிலும் வரணும். துண்டு ஒதுங்குன அன்னிக்கு நீரோட்டம் எந்தப் பக்கம் இழுத்துச்சு, நாங்க சொல்ற வண்ணி நீரோட்டமா தெண்டி நீரோட்டமான்னு எங்க பெரியவங்கள கேட்டு எழுதிக்கோங்க, அது உங்களுக்கும் ஒதவும்.

ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம், விசைப்படகு ஆளுங்க எல்லாம் கரைலதான் இருப்பாங்க. அப்ப ஒரு நாள் வந்தீங்கன்னா ஏலக்கூடத்துலயே பாய் விரிச்சு எல்லாரையும் உக்கார வெக்கிறோம்.