அண்ணாவுக்கு, பதினோராம் வகுப்பின் பாடத்தேர்வு குறித்து

அன்புள்ள அண்ணா,

பாடத்தேர்வுப் படிவத்தில் நேற்றிரவு கையெழுத்திட்டுவிட்டோம், என் மகள் அம்முவும் நானும். பதினோராம் வகுப்பில் அவள் எடுக்கப்போகும் ஏ.பி. பாடங்கள், அதாவது இங்கே அமெரிக்கப் பள்ளிகளில் கல்லூரித் தரத்தில் நடத்தும் பாடங்கள், இரண்டுதான்: உயிரியலும் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் என்னும் புள்ளியியலும். நீங்கள் அனுப்பிய அட்டவணையில் இருந்த கால்குலஸ் பி.சி., இயற்பியல் சி, அமெரிக்க வரலாறு, ஆங்கில மொழி, கணினி அறிவியல் ஏ ஆகிய ஐந்தில் ஒன்றுகூட அந்தப் படிவத்தில் ஏ.பி.யாக இல்லை.

இதைத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீங்கள் பேசுவீர்கள், நான் கேட்டுக்கொண்டிருப்பேன், பேச்சு முடியும்போது படிவத்தில் நான்கு பாடங்கள் ஏறியிருக்கும். ஊரறிய எழுதுவானேன் என்று அண்ணி கேட்பார். பிப்ரவரி பிறந்தால் இதே கேள்வியோடு என்னிடம் வரும் பெற்றோர் சிலர் உண்டு. உங்களுக்குச் சொல்லும் காரணங்களை அவர்களும் படித்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். நாலு பேர் பார்க்க எழுதினால் நீங்கள் குரலை உயர்த்த மாட்டீர்கள் என்பது இன்னொரு காரணம். ஜனவரியில் நடந்ததை மட்டும் இங்கே எழுதவில்லை. உங்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியவேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டாள்.

உங்கள் கணக்கில் பிழை இருப்பதாக நான் சொல்லவில்லை. எங்கள் பள்ளியில் சாதாரண வகுப்பில் வாங்கும் ‘ஏ’வுக்கு நான்கு புள்ளி, ஏ.பி. வகுப்பில் வாங்கும் அதே ‘ஏ’வுக்கு ஐந்து. கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது காமன் ஆப் என்னும் பொது விண்ணப்பத்தோடு போகும் அறிக்கையில் அவள் எடுத்த பாடங்கள் எவ்வளவு கடினமானவை என்று பள்ளிக் கவுன்சலர் குறிக்க வேண்டும் என்பதும், இந்த இரண்டு பாடங்களை வைத்துக்கொண்டு அவர் ‘மிகக் கடினமானவை’ என்ற கட்டத்தைத் தொடமாட்டார் என்பதும் எனக்குத் தெரியும். அவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன். மே மாதத் தேர்வில் ஐந்துக்கு நான்கோ ஐந்தோ வாங்கினால் பல கல்லூரிகளில் ஒரு பாடத்தை முடித்ததாகக் கணக்கில் கொள்ளும் கிரெடிட் கிடைக்கும் என்பதும், தேர்வுக் கட்டணம் நூறு டாலரை ஒட்டி இருக்க, கல்லூரியில் அதே பாடத்துக்குப் பல மடங்கு கட்ட வேண்டியிருக்கும் என்பதும் மெய்தான்.

ஆனால் அட்டவணையில் நீங்கள் சேர்க்காதவையும் உண்டு, அண்ணா. இப்படிக் கூடுதல் புள்ளி சேர்த்துப் பள்ளி கொடுக்கும் சராசரியை, அந்த வெயிட்டட் ஜி.பி.ஏ.வை, அப்படியே எடுத்துக்கொள்ளாமல் தாமே மறுபடி கணக்கிடும் கல்லூரிகள் பல. கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் கூடுதல் புள்ளிகளை எட்டு செமஸ்டர்களுக்கு மேல் சேர்ப்பதில்லை. ஓராண்டுப் பாடங்கள் நான்கு எடுத்தாலே அந்த வரம்பு நிறைந்துவிடும். டார்ட்மத் கல்லூரியோ 2018-இல் பட்டம் பெற்ற வகுப்பிலிருந்து ஏ.பி. மதிப்பெண்ணுக்குக் கிரெடிட் கொடுப்பதையே நிறுத்திவிட்டது. கால்குலஸ் பி.சி.யில் ஐந்து வாங்கினால் எம்.ஐ.டி.யில் முதல் கால்குலஸ் பாடத்தைத் தாண்டிவிடலாம் என்று நீங்கள் சொன்னது சரியே, அவளுக்கு எம்.ஐ.டி.க்கு விண்ணப்பிக்கும் எண்ணம் உண்டா என்று நாம் இருவருமே அவளைக் கேட்டதில்லை.

இரவுக் கணக்கு ஒன்றும் இருக்கிறது. ஒரு ஏ.பி. பாடத்துக்கு வீட்டில் தினமும் ஒரு மணி நேரம் என்று இங்குள்ள ஆசிரியர்களே சொல்கிறார்கள். ஐந்துக்கு ஐந்து மணி, மற்றப் பாடங்களுக்கு எப்படிச் சுருக்கினாலும் ஒரு மணி. நாடக ஒத்திகை முடிந்து ஐந்தரைக்கு வீடு வருபவள் சாப்பிட்டுவிட்டு ஆறரைக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்க நள்ளிரவு தாண்டும். காலை ஆறரைக்கு எழ வேண்டும். பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரை எட்டிலிருந்து பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாதமி 2016-இல் சொன்னது. நாடகத்தை விட்டுவிடட்டும் என்பீர்கள். விட்டாலும் ஐந்து பாடங்களுக்கு அந்த நேரம் போதாது என்பதோடு, அவள் சிரித்த முகத்தோடு வீடு திரும்பும் நாள்கள் ஒத்திகை உள்ள நாள்கள்தான் என்பதையும் நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எட்டாம் வகுப்பு முடியும் சமயத்தில் ஆசிரியரின் பரிந்துரையை மீறி மேல்நிலை வகுப்பில் சேர்க்கக் கேட்கும் அந்த வெய்வர் படிவத்தை உங்கள் வீட்டு உணவு மேசையில் நிரப்பினோமே, அந்த மாலையை என்னால் ஒதுக்கிவைக்க முடியவில்லை. ஒன்பதாம் வகுப்புக்கு ஜியோமெட்ரி ஹானர்ஸ் போதும் என்று கணக்கு ஆசிரியை பரிந்துரைத்திருந்தார். அதைக் கோடையிலேயே முடித்துவிட்டு ஒன்பதில் அல்ஜீப்ரா 2 ஹானர்ஸில் சேர்ந்தால் பத்தில் பிரிகால்குலஸ், பதினொன்றில் பி.சி., பன்னிரண்டில் கம்யூனிட்டி காலேஜில் மல்டிவேரியபிள் கால்குலஸ் என்று ஒரு தபால் உறையின் பின்புறத்தில் அம்புக்குறி போட்டுக் காட்டினீர்கள். படிவத்தின் அடியில் சிறிய எழுத்தில் ஒரு வரி இருந்தது: செமஸ்டர் முடியும்வரை மாணவர் கீழ்நிலை வகுப்புக்கு மாற இயலாது, அதன் பிறகும் இடம் இருந்தால் மட்டுமே மாற்றப்படுவார். நான் அதை வாய்விட்டுப் படித்தேன். “எல்லாருக்கும் அச்சடிச்சுக் கொடுக்கிறதுதான் அது” என்றீர்கள். அம்மு மேசையின் மறுமுனையில் தன் பென்சில் டப்பாவின் ஜிப்பை மூடுவதும் திறப்பதுமாக இருந்தாள். “லீவு முழுக்கவா மாமா?” என்று ஒரே ஒரு முறை கேட்டாள். “ஆறே வாரம்” என்றீர்கள். அவள் என்னைப் பார்த்தாள். நான் படிவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அறையில் வேறு இருவரும் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் சொன்னது எனக்கு இன்னும் வார்த்தை பிசகாமல் நினைவிருக்கிறது. அவரும் இதைப் படிப்பார் என்பதால் அதை விட்டுவிடுகிறேன். பெற்றோர் கையெழுத்துக்குக் கீழே மாணவர் கையெழுத்துக்கும் இடம் விட்டிருந்தார்கள். பேனாவைத் திறந்து நீங்களே அவளிடம் நீட்டினீர்கள். அவள் கையெழுத்திட்டாள், அதைச் சம்மதம் என்று நாம் எடுத்துக்கொண்டோம். பதின்மூன்று வயதுப் பெண், பெரியவர்கள் நான்கு பேர் தன் கையையே பார்த்துக்கொண்டிருக்கும்போது வேறென்ன செய்வாள் என்று இப்போது கேட்கத் தோன்றுகிறது. அன்று எனக்குத் தோன்றவில்லை. உங்களுக்கு இன்றும் தோன்றியிருக்காது.

அப்படிச் சொன்னது அதிகம்தான். அந்த ஆறு வாரமும் இரவு எட்டு மணிக்கு வீடியோவில் வந்து அவளோடு உட்கார்ந்தவர் நீங்கள். இங்கே ஜியோமெட்ரி நிரூபணங்களை இரண்டு பத்திகளாக, இடப்பக்கம் கூற்றும் வலப்பக்கம் காரணமுமாக எழுதுவார்கள். நாம் படித்த முறை வேறு என்பதால் பகலில் அவளுடைய பாடநூலைத் தனியாகப் படித்து அந்த முறையைக் கற்றுக்கொண்டு, இரவில் சொல்லிக்கொடுத்தீர்கள். அலுவலகத்தில் உங்களுக்கு மிக மோசமான மாதங்கள் அவை என்று அண்ணி பின்னால்தான் சொன்னார். வேறெந்த மாமனும் தன் மருமகளுக்காக இதைச் செய்து நான் பார்த்ததில்லை. அந்த நன்றியை இந்த முடிவு எப்படித் தாங்கும் என்று யோசித்துத்தான் படிவத்தை இத்தனை நாள் மேசையிலேயே வைத்திருந்தேன்.

முன்கூட்டிச் சொல்லாமல் முடிவெடுத்ததற்கு மன்னித்துவிடுங்கள். இதை எழுதிய கையோடு, என் மகளின் பாடத்தைத் தீர்மானிக்க நான் யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்ற கோபமும் வருகிறது. டிசம்பரிலிருந்து என்னைத் தவிர்த்துவிட்டு அவளுக்கே நேராகச் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள்: கோடைப் பயிற்சி இணைப்புகள், பழைய வினாத்தாள்கள், யார் யார் எந்தக் கல்லூரியில் எத்தனை ஏ.பி.யோடு சேர்ந்தார்கள் என்ற பட்டியல். அதில் நம் குடும்பத்துப் பிள்ளையின் பெயரும் ஒன்று. அவன் நல்ல பிள்ளை, அவனுடைய ஆண்டுகள் எப்படிப் போயின என்று அவன்தான் சொல்ல வேண்டும், நான் சொல்லக்கூடாது. ஆனால் அம்முவிடம் அவன் சொல்லியிருக்கிறான். நீங்கள் அவனிடம் கேட்டுப் பாருங்கள்.

கணக்கு ஆசிரியர் எஸ்கலான்டேயின் கதையை மறுபடி சொல்வீர்கள் என்று தெரியும். லாஸ் ஏஞ்சலிஸின் கார்ஃபீல்டு பள்ளியில் 1982-இல் அவருடைய மாணவர்கள் பதினெட்டுப் பேர் ஏ.பி. கால்குலஸில் தேறியதும், தேர்வு நடத்தியவர்கள் சந்தேகப்பட்டு மறுதேர்வு கேட்டபோது அதை எழுதியவர்கள் அத்தனை பேரும் மறுபடி தேறியதும் எனக்கும் பிடித்த வரலாறுதான். எளிய குடும்பத்துப் பிள்ளைகளால் முடியாது என்று கதவைச் சாத்தியவர்களுக்கு அது பதில். ஆனால் அவர் அந்தப் பள்ளிக்கு வந்தது 1974-இல். இடைப்பட்ட ஆண்டுகளில் கீழ் வகுப்புகளின் கணக்கை ஒவ்வொன்றாகச் சீர்செய்துதான் கால்குலஸுக்கு வந்தார். அவர் ஒவ்வொரு படியாகக் கட்டினார், நாம் ஒரு கோடையில் ஒரு படியை உருவிவிட்டோம். அல்ஜீப்ராவில் அவள் தடுக்கிய இடங்கள் எல்லாம் அவசரமாகக் கடந்த இடங்கள் என்று இந்த ஆண்டுப் பிரிகால்குலஸ் ஆசிரியரும் சொல்கிறார். திறமை இல்லை என்று அவர் சொல்லவில்லை. நேரம் கொடுங்கள் என்கிறார். ஆகவே அடுத்த ஆண்டு ஸ்டாட்டிஸ்டிக்ஸ், பன்னிரண்டில் ஏ.பி. கால்குலஸ். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, மறைக்கவில்லை: இடையில் ஓராண்டு விட்டால் திரிகோணமிதி மறந்துபோகலாம். பன்னிரண்டுக்கு முந்தைய விடுமுறையில் அதைப் புரட்டிப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறாள். பொறியியல்தான் வேண்டும் என்று பின்னால் மனம் மாறினால் சில கல்லூரிகளில் அவள் விண்ணப்பம் பின்தங்கும் என்பதையும் சொன்னேன். கேட்டுவிட்டு, “தெரியும்மா” என்றாள்.

உயிரியலைப் பற்றி உங்கள் கருத்து எனக்குத் தெரியும்: மனப்பாடம். ஒன்பதாம் வகுப்பில் நொதிகள் பற்றிய ஆய்வுக்கூடப் பாடம் ஒன்று வந்தது. வெப்பநிலை ஏற ஏற வினை வேகமாகி, ஓரளவுக்கு மேல் சட்டென்று நின்றுபோனதைக் கண்டு, அது ஏன் மெல்லக் குறையாமல் அப்படி நிற்கிறது என்று கேட்டு, பாடநூலில் இல்லாத பக்கங்களைத் தேடிப் படித்தாள். யாரும் சொல்லாமல் அவள் அப்படிப் படித்து நான் பார்த்தது அந்தப் பாடத்தில்தான். ஏ.பி. உயிரியலும் சுலபமில்லை, ஆய்வுகளும் அவற்றுக்கான அறிக்கைகளும் ஏராளம், தேர்வில் கேட்பதும் பெரும்பாலும் தரவைப் பார்த்து விளக்குவதுதான். ஸ்டாட்டிஸ்டிக்ஸை அவள் கேட்டதும் அதற்காகத்தான். “அதெல்லாம் ஒரு கணக்கா” என்று நீங்கள் சிரித்தபோது அவள் பதில் சொல்லவில்லை, எனக்கு வலித்தது.

ஏ.பி. எடுக்கவேண்டாம் என்று நான் எழுதியதாக இதைப் படிக்கும் மற்றவர்கள் கொள்ளவேண்டாம். கால்குலஸில் அம்முவின் நொதிகளைக் கண்டுகொள்ளும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் பி.சி.யையே எடுக்கட்டும், ஆசிரியர் தயங்கினால் வெய்வரிலும் கையெழுத்திடுங்கள், பிள்ளை தனியாகச் சொன்னதைக் கேட்ட பிறகு. தேர்வுக்குப் பதிவுசெய்ய நவம்பர் நடுப்பகுதி வரை காலம் இருக்கிறது. வகுப்பை மாற்றும் கெடு பெரும்பாலான பள்ளிகளில் அதற்கு வெகுமுன்பே முடிந்துவிடும். முதல் இரண்டு வாரத்திலேயே கேட்டுவிடுவது நல்லது.

அண்ணா, படிவம் வெள்ளிக்கிழமை கவுன்சலரிடம் போகிறது. ஆகஸ்டுக்குள் மாற்ற வழியிருக்கிறது என்று நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன்: இருக்கிறது, ஆனால் அவள் கேட்டால் மட்டுமே மாற்றுவேன். ஸ்டாட்டிஸ்டிக்ஸில் சந்தேகம் வந்தால் மாமாவைக் கேட்கலாமா என்று நேற்று என்னிடம் கேட்டாள். நீயே கேட்டுக்கொள் என்றேன். கேட்டால் சொல்லிக்கொடுங்கள், அட்டவணைப் பேச்சை மட்டும் எடுக்காதீர்கள். உங்களுக்கு என்மேல் இருக்கும் வருத்தத்தை என்னிடமே சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் வீட்டில்தான் இருப்பேன்.

அன்புடன்,
உங்கள் தங்கை