முகர்ந்து பார்த்தால் போதுமாமே!

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆலிவ் எண்ணெயில் கலப்படம் இருக்கிறதா என்று, அதில் தங்கியிருக்கும் தாவர டி.என்.ஏ. மூலம் சோதிப்பது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரை, கடைசி வரி வரை நன்றாகத்தான் இருந்தது. 'நம் நல்லெண்ணெய்க்கு இந்த வம்பெல்லாம் எதற்கு? முகர்ந்து பார்த்தாலே தெரிந்துவிடும்' என்று முடித்துவிட்டீர்கள்.

சம்பா அறுத்த வயலில் எள் தெளித்து, கருப்பட்டி போட்டு ஆட்டிய எண்ணெயில் வளர்ந்தவள் நான். அந்த மூக்கே ஏமாந்தது. இரண்டு வருடம் முன்பு, தீபாவளிக்கு 'மரச்செக்கு' என்று பலகை மாட்டிய கடையில் வாங்கினேன். வாசலில் செக்கு சுற்றிக்கொண்டிருந்தது. வாசனை தெருவைத் தூக்கியது. மார்கழியில் கோலம் போட்டுவிட்டு வந்து தூக்குச்சட்டியைத் திறந்தால், அடியில் நெய் போல வெள்ளையாக உறைந்து கிடக்கிறது! நீடாமங்கலம் குளிருக்கு நல்லெண்ணெய் உறையுமா? பாமாயில்தான் உறையும். கடைக்காரரிடம் கேட்டேன். "மோந்து பாத்துத்தானேக்கா வாங்குனீங்க?" என்றார். உங்கள் கட்டுரையாளரும் அவரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள் போலும்.

வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவள் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். சுத்திகரித்த எண்ணெயில் டி.என்.ஏ. மிஞ்சுவதே அபூர்வம். சுத்திகரித்த பாமாயில் ஒரு டின்னில் கொஞ்சம் செக்கு நல்லெண்ணெய் விட்டால், சோதனையில் எள் மட்டும் சாட்சி சொல்லும், பாமாயில் நழுவிவிடும். இதைக் கட்டுரையில் காணோம். நெய்யில் வனஸ்பதி கலப்பதைப் பிடிக்க, வனஸ்பதியில் நூற்றுக்கு ஐந்து பங்கு நல்லெண்ணெய் சேர்க்கச் சட்டம் போட்ட நாடு இது. ஃபர்ஃபுரால் என்ற ரசாயனமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் விட்டால், வனஸ்பதி கலந்த நெய்யை அந்த நல்லெண்ணெய் சிவந்து காட்டிக்கொடுக்கும். நெய்க்குக் காவல் நின்ற நல்லெண்ணெய்க்குக் காவல் யார்? 1998இல் டெல்லியில் கடுகெண்ணெயில் பிரம்மதண்டு என்ற நச்சுச் செடியின் விதை எண்ணெய் கலந்து அறுபதுக்கு மேற்பட்டோர் இறந்தார்களே, அவர்கள் வீட்டில் மூக்கு இல்லையா?

டெல்டா என்றால் உங்களுக்கு நெல் மட்டும்தான். சித்திரை மழையில் எங்கள் பக்கம் எள் அழுகியபோது நான் எழுதிய கடிதம் வரவில்லை. ஆலிவ் எண்ணெயில் கேசரி கிளறுவது எப்படி என்று முழுப் பக்கம் வந்தது. சந்தோஷம்.

தஞ்சாவூரில் அரசு உணவுப் பகுப்பாய்வுக்கூடம் இருக்கிறது. வாங்கியவரே கட்டணம் செலுத்திச் சோதிக்கச் சட்டத்தில் வழியும் இருக்கிறது. எவ்வளவு எண்ணெய் கொண்டுபோக வேண்டும், கட்டணம் எவ்வளவு, யாரிடம் கொடுக்க வேண்டும் என்று ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள். கேசரிக்குப் பக்கத்தில் இடம் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
முப்பது வருட வாசகி,
நீடாமங்கலம்