ரயில் அருங்காட்சியகத்தில் பின்னி மில்லுக்கு ஓர் அறை வேண்டும்

ஆசிரியருக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை பேத்தியை அழைத்துக்கொண்டு ஐ.சி.எஃப். (ரயில் பெட்டித் தொழிற்சாலை) ரயில் அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தேன். 2002-ல் திறந்தது. பழைய எஞ்சின்களையும் பெட்டிகளையும் நன்றாகவே பராமரிக்கிறார்கள். ஆனால் இந்தப் பகுதியின் பழைய துணி மில்லான பின்னி மில்லைப் பற்றி அங்கே ஒரு படம்கூட என் கண்ணில் படவில்லை.

ரயில் அருங்காட்சியகத்தில் மில்லுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். பெரம்பூர், ஓட்டேரி, பட்டாளம், புளியந்தோப்பில் வளர்ந்தவர்கள் கேட்க மாட்டார்கள். ரயில்வே பணிமனை 1856-லேயே இங்கே வந்துவிட்டது. 1870களில் பக்கிங்ஹாம் மில், 1881-ல் கர்நாடிக் மில். 1920-ல் இரண்டும் ஒன்றாயின. இதைத்தான் பின்னி மில் என்கிறோம். எங்கள் வீட்டில் அப்பாவுக்கு மில்லில் தறி வேலை, சித்தப்பா லோகோவில், அதாவது ரயில் எஞ்சின் பணிமனையில், ஃபிட்டர். அம்மா உலை வைத்ததே சங்குச் சத்தத்தைக் கேட்டுத்தான். ஊதுவது மில் சங்கா, லோகோ சங்கா என்று அடுப்படியில் இருந்தபடியே சொல்லிவிடுவார்.

நாட்டின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று சொல்லப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம், 1918 ஏப்ரல் 27 அன்று இந்த மில்காரர்களை வைத்துத்தான் தொடங்கியது. பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர். மத்தியானம் சாப்பிட விடும் நேரம் போதவில்லை என்பது அன்றைய முறையீடுகளில் ஒன்று. 1921 வேலைநிறுத்தத்தையும், அப்போது நடந்த துப்பாக்கிச் சூட்டையும், பக்கத்துப் பக்கத்துத் தெருக்காரர்கள் சாதியால் பிரிந்து புளியந்தோப்பில் மோதிக்கொண்டதையும்கூட அங்கே எழுதி வைக்க வேண்டும். நமக்குப் பெருமையானதை மட்டும் மாட்டி வைப்பது சரியில்லை.

1996-ல் மில் மூடப்பட்டது. இப்போது அங்கே அடுக்குமாடிகள் நிற்கின்றன. நினைவு என்று ஏதாவது வைக்க, அருகில் இருக்கும் பொருத்தமான இடம் இந்த அருங்காட்சியகம்தான். ரயில்வேயும் தமிழக அரசும் பேசி ஓர் அறை ஒதுக்கினால் போதும். ஒரு தறி, மில்லுக்குப் பேர் வாங்கித் தந்த காக்கித் துணி, கேட்டில் காட்டிய டோக்கன்கள், தூக்குச் சட்டிகள். பல வீடுகளில் இவை பரணில் கிடக்கின்றன, கேட்டால் கொடுப்பார்கள்.

பொருள்கூட அப்புறம் சேரட்டும். மில் மூடியபோது முப்பது வயதில் இருந்தவர்களுக்கே இன்று அறுபது ஆகிவிட்டது. முதலில் அவர்கள் பேசுவதைப் பதிவு செய்ய வேண்டும். தறி இரைச்சலில் பேச்சு காதில் விழாது, எல்லாம் கைஜாடைதான் என்று அப்பா சொல்வார். அந்த ஜாடைகளை நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. தெரிந்தவர்கள் இன்னும் எங்கள் தெருவில் இருக்கிறார்கள்.

அப்பாவின் பித்தளை டோக்கன் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. எண் தேய்ந்திருந்தாலும் படிக்க முடிகிறது. அறை திறக்கும் அன்று நானே கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
ஓட்டேரி வாசகி,
சென்னை-12